தொடக் கூடாத கோப்பு

அன்புப் பாப்பாவுக்கு,

போனில் சொல்ல வேண்டியதையெல்லாம் தாளில் எழுதி அனுப்புகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் முக்கால்வாசியை உன் அப்பாவே பேசிவிடுகிறார், மீதியில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று நான் கேட்பதற்குள் உன் பயிற்சி மைய விடுதியில் மணி அடித்துவிடுகிறது. எனக்கு வாய் எவ்வளவு என்று உனக்கே தெரியும். நானும் அப்பாவும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், மனதுக்கும் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இந்த வாரம் முழுக்க உன் உடம்பைவிட மனதைத்தான் அதிகமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நுழைவுத் தேர்வு மார்க்கைச் சொன்னாய். நாம் நினைத்ததைவிடக் குறைவுதான், இல்லையென்று நான் பொய் சொல்லமாட்டேன். பிறகு, "மத்த செயல்பாடுகள்னு ஒரு பக்கம் இருக்கும்மா, அதுல எழுத என்கிட்ட என்ன இருக்கு, ஒரு கோடு போட்டுடறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அந்தக் கோடுதான் என்னை எழுத வைத்தது. நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். என் விண்ணப்பத்திலும் அப்படி ஒரு இடம் இருந்தது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன், கோடு நேராக வந்ததே என்று சந்தோஷம் வேறு. உனக்குக் கேட்க ஆள் இருக்கிறது, அதுவும் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவிலேயே வேலை பார்க்கிற ஆள்.

என் வேலை என்ன, வருகிற விண்ணப்பங்களைக் கோப்பாக அடுக்குவது. மேலே பள்ளி மதிப்பெண்கள், அதற்கடியில் நுழைவுத் தேர்வு, கடைசியில் விளையாட்டு, பாட்டு, தொண்டு என்று மற்றதெல்லாம். தேர்வுக்குழு உட்காரும்போது கோப்பை எடுத்துக் கொடுப்பதும் நான்தான் என்பதால் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன். தேர்வு மார்க்கை அவர்கள் பார்க்காமல் இல்லை, ஆனால் பார்த்த கையோடு மேல் தாளுக்குத் திரும்பிவிடுகிறார்கள், பள்ளியில் கடைசி மூன்று வருடமும் எப்படிப் படித்திருக்கிறது இந்தப் பிள்ளை, சறுக்கிய இடத்தில் மறுபடி ஏறியிருக்கிறதா என்று. உன்னுடையது வருடத்துக்கு வருடம் ஏறுகிற மார்க், ஒரு காலைப் பொழுதில் எழுதிய தேர்வு அதை ஒன்றும் அழித்துவிடாது. எல்லா இடத்திலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது, சில கல்லூரிகளில் தேர்வு மார்க்கிலேயே வடிகட்டிவிடுவார்களாம், அதை விசாரித்துக்கொண்டு எழுது. அடித்தாளுக்கு வரும்போது பெரும்பாலும் டீ வந்துவிடும். போன வருடம் ஒரு கோப்பில் நீச்சல், செஸ், மேளம், மரம் நடுதல், பேச்சுப்போட்டி என்று பக்கம் நிறைய இருந்தது. கணிதப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்தப் புள்ள எப்பதான் தூங்கும்?" என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கோப்பில் ஒரே ஒரு வரி, மூன்று வருடம் பள்ளி நாடகங்களுக்குத் திரை இழுத்தேன் என்று. இதற்கும் சிரிக்கப்போகிறார்கள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மா, "மூணு வருஷமும் இவன்தானா?" என்று கேட்டுவிட்டு, கையிலெடுத்த டீயைக் கீழே வைத்து, அந்தக் கோப்பை நேர்காணல் அடுக்கில் சேர்த்தார்.

அதனால் கோடு போடாதே, வேனைப் பற்றி எழுது. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா ஓட்டுகிற பள்ளி வேனில் ஏறி, கடைசிப் பிள்ளை இறங்கும்வரை எத்தனை வருடம் கூடவே போனாய். கடைசியில் இறங்குபவர்கள் பின்னால், சண்டைக்காரர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தூங்குமூஞ்சி, வாந்தி எடுக்கும் குட்டிப் பெண் ஜன்னலோரம் என்று நீ போட்ட வரிசைதான் இன்றைக்கும் ஓடுகிறது. இதை அப்பாவிடம் சொன்னால், "வேன்ல உக்காந்து வந்ததெல்லாம் ஒரு திறமையா? அப்ப எனக்கு டாக்டர் பட்டமே குடுக்கணும்" என்கிறார். ஆனால் உனக்குப் பிறகு வந்த உதவியாளப் பெண் அந்த வரிசையை மாற்றிப் பார்த்தாள், அந்த வாரம் முழுக்க அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார், பிறகு சத்தமில்லாமல் பழையபடி ஆக்கிவிட்டார். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார். அந்தக் குட்டிப் பெண், "அக்காவுக்கு இன்னும் பரீட்சை முடியலையா?" என்று கேட்டாளாம். அலங்காரமாக எழுதாதே, செய்ததை மட்டும் எழுது, பெரிய வார்த்தை வந்தால் அவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள்.

அலுவலகத்தில் போன வாரம் ஒரு வேடிக்கை. சொந்தக்காரர் கோப்பு வந்தால் நாங்கள் தொடக் கூடாது, எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பக்கத்து மேசைக்கு விட்டுவிட வேண்டும், அது எங்கள் விதி. எப்போதும் முணுமுணுவென்று பேசுகிற எங்கள் கண்காணிப்பாளர் எழுந்து, "இது என் அக்கா மகன், நான் தொடக் கூடாது" என்று கோட்டையைப் பிடித்தவர் மாதிரி சொன்னார். "அதுக்கு ஏன் சார் சட்டையை இழுத்து விட்டுக்கறீங்க?" என்று பக்கத்து மேசை அக்கா கேட்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடிதான். மழை பெய்தால் உன் அறையில் துணி காயப்போடுகிறேன், உன் மேசைமேல் மட்டும் எதையும் வைப்பதில்லை. காலையில் வேனை எடுத்ததும் அப்பா இன்னும் தெருமுனையில் இரண்டு தடவை ஹார்ன் அடிக்கிறார், நீ வீட்டிலிருந்து இறங்கி வருவதற்காக அடித்தது. இல்லாத ஆளுக்கு எதற்கு என்றேன். "கை பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். நீ வாங்கிய மார்க் எல்லாம் எனக்கு மனப்பாடம், ஆனால் முடியை வெட்டிக்கொண்டாய் என்பது அப்பா சொல்லித்தான் தெரியும். எவ்வளவு வெட்டினாய், காது தெரிகிறதா? புது இடத்தில் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறாய்? இதையெல்லாம் கேட்க ஆரம்பித்தால் மணி அடித்துவிடுகிறது.

நேரத்துக்குத் தூங்கு. கடைசித் தேதிவரை இழுக்காமல் முன்கூட்டியே அனுப்பிவிடு, அனுப்பும் முன் பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார். எங்கே இடம் கிடைத்தாலும் தலை நிமிர்ந்து போய் நன்றாக இருப்பாய், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும்.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா

கையெழுத்துப் போட்டு மடித்துவிட்டுத் திரும்பப் பிரித்தேன். நீ கிளம்பின அன்றைக்கு, இந்த ஊர்க் கல்லூரியை மட்டும் எழுதாதே, தூரமாய்ப் போய்ப் படி என்று சொன்னவள் நான்தான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் உன் பட்டியலில் கடைசியாக ஒரு இடம் மிச்சமிருந்தால் எங்கள் கல்லூரியைப் போடு. கிடைத்தாலும் நீ வர வேண்டாம். முடி வெட்டின போட்டோவையே ஒட்டு. அந்த அறையில் இத்தனை வருடமாக நான் யாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை பேசியதில்லை. உன் கோப்பு என் மேசைக்கு வரட்டும், ஒரு தடவை நானும் எழுந்து நின்று, இது என் மகள், நான் தொடக் கூடாது என்று சொல்லிக்கொள்கிறேன்.