கதவுக்கு வெளியே நான் பாடியது

8 ஜூன் 2006, வியாழன்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மகளின் தேர்வில் இன்று நானும் பாடிவிட்டேன்.

ஸ்டெல்லாவுக்கு இசை படித்து அதையே தொழிலாக்க ஆசை. வெளியூர்க் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நம்மூர்ப் பள்ளிக்கூடத்துக்கே வந்து இசைப் படிப்புக்கு ஆள் எடுத்தார்கள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் கீபோர்டில் காணிக்கைப் பாட்டை வாசிக்க, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் வாசிக்க நாங்கள் பாடும் பழக்கத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் தொண்டை வேறு. இரண்டாவது அடியிலேயே சுருதியை விட்டு மேலே போய்விட்டேன்.

அவள் நிறுத்தவில்லை. பூசையில் எங்களைச் சமாளிப்பதுபோலவே, சுருதிக் கட்டையை மாற்றிக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள்.

தேர்வு நடத்திய வாத்தியாரம்மா கதவைத் திறந்தார். "யாருங்க பாடுனது?"

"நாந்தாங்க. தப்பு என்னோடது, புள்ளைய ஃபெயிலாக்கிடாதீங்க."

"ஃபெயிலா? ஓடுற பாட்ட ஓடிப் புடிச்சிட்டா! இத நாங்க ரெண்டு வருஷம் சொல்லித் தரணும். சீட்டு குடுத்தாச்சு."

நெல்லித்தோப்பில் வீடு வந்து சேரும் வரைக்கும் ஆட்டோவில் ஸ்டெல்லா திட்டிக்கொண்டே வந்தாள். "இனிமே நீ எங்கயும் வாயத் தொறக்காத மா."

"ஏன்டி, சீட்டு வாங்கிக் குடுத்ததே இந்த வாய்தான்!"

சிரித்துச் சிரித்து இன்னும் வயிறு வலிக்கிறது. தூக்கம் வருவதாக இல்லை.

சேர்க்கைப் படிவத்தைக் காலையில் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடச் சொன்னாள், அழகாகப் போட்டேன். மாணவி என்று இருந்த இடத்தில் போட்டிருக்கிறேன். நாளை போய் வேறு படிவம் கேட்க வேண்டும்.