காலை புத்தகத்துக்கு

மார்ச் 4, செவ்வாய்

விடியலில் பனி, பிறகு சுள்ளென்று வெயில். நாலரைக்கு எழுந்தேன். தலை தெளிவு. சிங்களச் சட்ட நூல், தமிழாக்கம், மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. அரசாங்கக் கந்தோரில் காலமெல்லாம் மொழிபெயர்த்தும் எங்கேயும் என் பெயர் இருந்ததில்லை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. இதில் அட்டையிலேயே வரும். பத்து மணிக்கு மேல் இந்தத் தலை எதற்கும் உதவாது. ஆகவே காலை புத்தகத்துக்கு. மற்றதெல்லாம் பிறகு.

வாங்க: சீனி, மின்குமிழ், மல்லிகாவுக்கு மருந்து.

மல்லிகா கட்டிலில். பாரிசவாதம் வந்து ஆறு வாரம். வலது கை சற்று அசைகிறது. பேச்சு இல்லை.

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரி. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளை சின்ன வயதுதான், அதிகாரம் பெரிது. மிஸிஸுக்குக் காலையில்தான் தெளிவாம். அப்போது பக்கத்தில் இருந்து பேச வைக்க வேண்டுமாம். பின்னேரம் மூளை களைத்துவிடுமாம்.

“முதல் மாசங்கள்தான் சேர் முக்கியம். விட்டா பிறகு வர்றது கஷ்டம்.”

பின்னேரம் செய்தால் போதாதா என்று கேட்டேன். சொன்னதையே மெதுவாக மறுபடி சொன்னாள். எனக்கும் அதே நேரம்தான் தெளிவு. அதைச் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

புழுக்கம். நாலு மணிக்கு ம. பக்கத்தில் உட்கார்ந்தேன். கோப்பையைக் காட்டினேன். ஒன்றும் வரவில்லை. சீப்பு, கரண்டி, சாவி. வாயோரம் எச்சில். கண் சொருகுகிறது. எனக்கும் கொட்டாவி.

பள்ளியில் ஒரு அதட்டலில் முழு வகுப்பையும் அடக்கிய வாய். இப்போது ஒரு சீப்புக்குப் பெயர் சொல்ல முடியவில்லை. சிரிப்பு வந்தது. ம. பார்த்துவிட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

பக்கத்து வீட்டு ரிஸ்வானா காலையிலேயே வந்துவிட்டாள். ம.விடம் படித்தவள். நோன்புக்காலம். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பினால் பிறகு தூக்கம் இல்லையாம், டீச்சரோடு கொஞ்சம் இருக்கிறேன் என்றாள். சுவருக்கு அப்பால் ஒரே சத்தம். “டீச்சர், இது என்ன? தண்ணி. சொல்லுங்க, தண்ணி.” திரும்பத் திரும்ப. மொழிபெயர்ப்பில் ஒரு பந்தி நகரவில்லை.

பிறகு இன்னொரு குரல். தடித்து, இழுத்து.

“தண்... ணி.”

பேனாவை வைத்துவிட்டேன். ம.வின் குரல் என்று பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. எழுந்து போகவில்லை. விட்ட வசனத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை.

மார்ச் 12, புதன்

ரிஸ்வானாவிடம் சொன்னேன். காலையில் வேண்டாம், பின்னேரம் வரட்டும்.

“பின்னேரம் எனக்கு நோன்பு தொறக்கிற வேலை சேர். டீச்சருக்கும் அந்த நேரம் ஒண்ணும் ஏறாது.”

அப்படியானால் பெருநாள் கழியட்டும் என்றேன். சால்வையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். ம. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த தண்ணீரை இடது கையால் தட்டிவிட்டாள். நிலம் துடைத்தேன். அந்தக் காலை வீண்.

மார்ச் 19, புதன்

வீட்டில் சத்தமே இல்லை. ஐந்தாம் அத்தியாயம் முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. ஆசிரியரே தமிழில் எழுதியது போல.

பின்னேரம் தண்ணீரைக் காட்டினேன். ம. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு சொல்லும் போய்விட்டதா, என்னிடம் சொல்ல விருப்பமில்லையா, தெரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

கண்டியிலிருந்து சுமதி, ம.வின் தங்கை. ரிஸ்வானா சொல்லியிருக்கிறாள். திட்டுவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

“அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன் அத்தான். உங்களுக்குக் காலையில வேலை இருக்குதானே.”

வேன் வந்தது. அக்காவுக்கு சுலபமாக உடுத்திவிடக்கூடிய சேலை எது என்று கேட்டாள். தெரியவில்லை. கையில் வந்ததை மடித்துப் பையில் போட்டேன். சுமதி அதை எடுத்துவிட்டு வேறு வைத்தாள்.

மார்ச் 24, திங்கள்

கல்யாணத்துக்குப் பிறகு இப்படி ஒரு காலை கிடைத்ததில்லை. பதினொரு மணி வரை எழுதினேன். களைப்பே இல்லை.

மார்ச் 29, சனி

காலை ஏழரைக்கு ஃபோன். சுமதி. அடிக்கவிட்டேன். நின்று, மறுபடி அடித்தது. நல்ல வசனம் ஒன்று பாதியில். சத்தத்தைக் குறைத்துக் கவிழ்த்து வைத்தேன்.

பின்னேரம் எடுத்தேன். ம. காலையில் பேசினாளாம். ஒரு சொல் இல்லை, முழு வசனம். ‘அவருக்கு வேலை முடிஞ்சிருச்சா’ என்று கேட்டாளாம். அதனால்தான் சுமதி ஃபோனைப் போட்டு அவள் காதில் வைத்திருக்கிறாள். அடித்து ஓய்ந்த பிறகும் ம. அதைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம்.

இப்போது கொடு என்றேன்.

“படுத்துட்டாங்க அத்தான். இந்த நேரத்துக்கு ஒண்ணும் வராது. நாளைக்குக் காலையில எடுங்க, காத்துக்கிட்டு இருப்பாங்க.”

பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

நாலரை. பனி இல்லை. ஏழாம் அத்தியாயம், நூலிலேயே கடினமான பகுதி. ஃபோனை அணைத்துவிட்டேன்.