அடக்கத்துக்குச் சேர்த்த பணம்

1931 ஜனவரி 8, வியாழன்

சூடாமணி முதலியார் வந்துவிட்டுப் போனார். ஒவ்வொரு மாதமும் எட்டாம் தேதி, சம்பளம் கைக்கு வந்த சூட்டோடு வந்துவிடுவார். அண்ணன் ஆரோக்கியநாதன் ராயப்பேட்டை அச்சாபீசுக்குப் போயாகிவிட்டது. ஒன்பது ரூபாய் ஆறணாவை எண்ணிக் கொடுக்கும் பாக்கியம் எனக்கு.

“இதுவரைக்கும் எவ்ளோ குடுத்திருக்கோம்னு கணக்குப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“குடுத்ததெல்லாம் வட்டிம்மா. அசலு நூத்தம்பது அப்படியே கீது.”

நான் பார்த்துவிட்டேன். பதினான்கு மாதம். நூற்று முப்பத்தொரு ரூபாய் நாலணா. அசலை ஐந்தும் பத்துமாகக் கழிக்கலாமா என்றேன். சில்லறையாக அசல் வாங்கும் வழக்கம் இல்லையாம். மொத்தமாகக் கொடுத்தால் பத்திரத்தைக் கிழித்துவிடுவாராம். போகும்போது திரும்பி நின்று ஒரு பேச்சு வேறு: “உங்கப்பாரை ராஜா மாதிரி அனுப்பிச்சீங்க. சாந்தோம்ல இன்னும் அதான் பேசிக்கினு கீறாங்க.”

ராஜா மாதிரி! அப்பா இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட வாத்தியார். உயிரோடு இருந்தவரை ஒருவரும் அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டதில்லை. எங்கள் கோயிலில் அடக்கத்துக்கும் ரயிலைப் போல மூன்று வகுப்பு. முதல் வகுப்புக்குப் பெரிய மணி, ஆறு மெழுகுவர்த்தி, பீடத்துக்குக் கறுப்புத் துணி, பாட்டுக்காரர்கள், பாண்டு வாத்தியம். மூன்றாம் வகுப்புக்குச் சின்ன மணி, ஒரு ஜெபம், சீக்கிரம் நடையைக் கட்டு. ராஜநாயகம் வாத்தியார் மூன்றாம் வகுப்பில் போவதா? அண்ணன் ஓடிப்போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி.

அப்பா முதல் வகுப்பில் போனது ஒரு மணி நேரம். அதற்கு டிக்கெட் நாங்கள் இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.

ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அண்ணனை உட்கார வைத்துப் பேசினேன். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சம்பளம் இருபத்து நாலு, அச்சாபீசில் அவனுக்கு முப்பது. வாடகை பதினொன்று. மிச்சத்தில் மாதம் பத்து ரூபாய் எடுத்து வைத்தே ஆகவேண்டும். முதலில் முதலியாருக்கு நூற்றைம்பதும் ஒரே தடவையாக. அதன் பிறகு வீட்டில் எப்போதும் நூறு ரூபாய் இருக்க வேண்டும். யார் படுத்தாலும், யாருக்கு வேலை போனாலும், அந்த ஆள் வாசலில் போய் நிற்கக் கூடாது.

“வாத்தியாரம்மா பாடம் எடுக்கிறாங்க,” என்றான்.

“பத்திரத்துல கையெழுத்துப் போட்டவன் நீ.”

ஒத்துக்கொண்டான். நாளையிலிருந்து ட்ராம் கிடையாது, இருவரும் நடை.

அம்மா மூலையில் கன்னியர் மடத்துக்கு லேஸ் பின்னிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

ஜனவரி 31, சனி

இந்த மாதம் சேர்த்தது பத்து ரூபாய் இரண்டணா. அண்ணனின் செருப்பு தேய்ந்துவிட்டது. ட்ராம் காசும் செருப்புக் காசும் ஒன்றுதான் என்கிறான். இருக்கட்டும்.

மார்ச் 3, செவ்வாய்

தபசு காலம். இறைச்சி இல்லை என்று ஊர் முகம் தூக்கிக்கொள்கிறது. எங்கள் வீட்டில் ஜனவரியிலிருந்தே தபசு.

மாலையில் கோயில்பிள்ளை மிக்கேல் வந்தார். மணி அடிக்கிறவர், குழி வெட்ட ஆள் பிடிக்கிறவர். என்னைப் பார்த்ததும் தயங்கினார். “லூர்துமேரியம்மா ரெண்டு மாசமாத் தர்லியே... ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?”

அம்மா எதைத் தரவில்லை?

அம்மா லேஸ் ஊசியைக் கீழே வைத்தாள். மிக்கேல் நழுவிவிட்டார். அரைமணி நேரம் கேட்டும் அம்மா வாயிலிருந்து ஒரே வார்த்தைதான்: “என் காசு.”

மார்ச் 4, புதன்

பள்ளி விட்டதும் நேரே மிக்கேலின் அறைக்குப் போனேன். கிழவிகளை ஏமாற்றித் தின்கிறான், கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்ற வேகம்.

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்துத் திறந்து என் முன்னால் வைத்தார். துணி முடிச்சுகள். முப்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டு. எங்கள் தெருப் பெண்கள், குப்பத்துப் பெண்கள் எல்லாரும் தங்கள் அடக்கத்துக்கு மாதம் நாலணா, எட்டணா என்று அவரிடம் சேர்க்கிறார்கள். அம்மாவுடையதை அவிழ்த்து எண்ணிக் காட்டினார். எண்பத்து மூன்று ரூபாய் எட்டணா. பதினான்கு வருஷத்துக் காசு. ஒரு தம்பிடி குறையவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

தேசம்மா சீட்டும் இருந்தது. மீன் விற்கிறவள். போன மாதம் பேத்தியின் இருமலுக்கு மருந்து வாங்க என்னிடம் நாலணா கேட்டாள். அவள் முடிச்சில் பதினொரு ரூபாய்!

“இதுலேர்ந்து எடுத்துக் குடுக்கக் கூடாதா?”

“கேட்டாத்தானே பாப்பா குடுக்கறதுக்கு? இது சாவுக்காசு. உசுரோட கீற வரைக்கும் ஒருத்தரும் தொடமாட்டாங்க.”

முப்பத்தொரு பெண்கள். ஒருத்தி வீட்டிலும் ஜுரத்துக்கு மருந்து வாங்க வழியில்லை. சாவதற்கு மட்டும் எல்லோரும் பணக்காரிகள். இவர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? கௌரவம் என்றால் மெழுகுவர்த்தி எண்ணிக்கை என்று யார் சொன்னது? கத்தவேண்டும் போல இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

இன்று கத்தினேன். அப்பா செத்த அன்றும் அந்தக் காசு இருந்ததே, பாதிக் கடனாவது குறைந்திருக்குமே, எப்படிப் பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன்.

கோபம் வந்தால் அம்மாவுக்கு அவள் பிறந்த குப்பத்துப் பேச்சு வந்துவிடும். “உங்கப்பனுக்கு ஆம்பளைப் புள்ள கீறான், கடன் வாங்கியாச்சும் செய்வான். எனக்கு யாருடி செய்வா? நீயா? நீ மூணாங்கிளாசுல தூக்கிப் போட்டுட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போயிருவ.”

ஆமாம், போவேன். அதையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். கையில் காசு இல்லாமல் செத்தவள். கோயிலில் பொதுப்பெட்டி ஒன்று உண்டு, ஏழைகளுக்கு. அதில் வைத்துக் கல்லறைக்குக் கொண்டு போனார்களாம். குழியண்டை பெட்டியைத் திறந்து, பாயோடு அவளைத் தூக்கி உள்ளே இறக்கிவிட்டு, வெறும் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்களாம். “அடுத்த ஆளுக்கு வேணும்ல? எனக்கு அப்போ ஒம்போது வயசு. அந்தப் பெட்டி பின்னாலயே நடந்து வந்தேன்.”

ஆனாலும் மாதம் ஒன்பது ரூபாய் ஆறணா போய்க்கொண்டுதானே இருக்கிறது? அது உண்மை இல்லையா? இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று மதியம் அவளே ஆரம்பித்தாள்.

“அந்தக் காசைக் குடுத்தா எனக்கு இன்னா செய்வ? அதச் சொல்லு மொதல்ல.”

“சொந்தப் பெட்டி. அது சத்தியம்.”

“மெழுகுவத்தி ஆறு.”

“ரெண்டு.”

“ரெண்டா? நான் இன்னா அநாதப் பொணமா? நாலு.”

“சரி, நாலு. பாண்டு கிடையாது.”

“பாண்டு எனக்கும் வேணாம். உங்கப்பனுக்கு வாசிச்சவன் கல்யாணப் பாட்டு வாசிச்சான். மணி?”

“சின்ன மணி.”

“பெரிய மணி. மிக்கேலு எனக்குச் சும்மாவே அடிப்பான்.”

“சும்மான்னா அடிக்கட்டும்.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அண்ணன் எழுந்துவிட்டான். “நீங்க ரெண்டு பேரும் மனுஷங்கதானா? வஞ்சிர மீனுக்குப் பேரம் பேசற மாதிரி...” அம்மா சிரித்துவிட்டாள். நானும்.

முடிவு: பெட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் பதினெட்டு ரூபாய் மிக்கேலிடமே இருக்கும். மீதி அறுபத்தைந்து ரூபாய் எட்டணா வீட்டுக்கு. “பதினெட்டுல கை வெச்ச, ஆவியா வருவேன்,” என்றாள்.

ஜூன் 8, திங்கள்

வட்டி கொடுத்தேன். முதலியார் நாற்காலி கேட்டார். இல்லை என்றேன். இருந்தது.

செப்டம்பர் 1, செவ்வாய்

நூற்றைம்பது ரூபாயும் கொடுத்தாயிற்று. நாங்கள் சேர்த்தது எண்பத்து நாலரை, அம்மாவுடையது மீதி. அண்ணன் வர மறுத்தான், கூச்சமாம். நானே மயிலாப்பூருக்கு நடந்து போய் முதலியாரின் கூடத்தில், நாலு பேர் பார்க்க எண்ணி வைத்தேன்.

“பொம்பளப் புள்ள கையில இவ்ளோ காசு ஏதும்மா?” என்றார்.

“நீங்க அஞ்சும் பத்துமா வாங்காம விட்டது,” என்றேன்.

பத்திரத்தை அவர் கிழிக்கவில்லை, கையில் கொடுத்தார். நான் கிழித்தேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

இன்று யாரும் வரவில்லை. அதே ஒன்பது ரூபாய் ஆறணாவைத் தபாலாபீசில் போட்டேன். சேமிப்புப் புத்தகம் அம்மா பெயரில்; அவள் பெயரில் இருந்தால்தான் நாங்கள் கை வைக்கமாட்டோமாம்.

1932 பிப்ரவரி 9, செவ்வாய்

நாளை விபூதிப் புதன், தபசு தொடக்கம். அண்ணனுக்கு ஐந்தாம் நாளாக ஜுரம். டாக்டர் கல்யாணராமன் வந்து பார்த்துவிட்டு டைபாய்டு என்றார். அசையக் கூடாது, மூன்று வாரமாவது ஆகும். அச்சாபீசில் படுத்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. மனிதன் அச்சு எழுத்தைவிட மட்டம். எழுத்து தேய்ந்தால் உருக்கி மறுபடி வார்ப்பார்கள்.

புத்தகத்தில் அறுபத்திரண்டு ரூபாய். அம்மா கேட்காமலே சேலையை மாற்றிக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பிவிட்டாள்.

பிப்ரவரி 17, புதன்

ஐஸ், பார்லி, மருந்து, டாக்டர். வாடகை. என் சம்பளம் மட்டும். நூற்று மூன்று டிகிரி.

பிப்ரவரி 28, ஞாயிறு

முதலியார் வாசலில் நின்றார். யார் போய்ச் சொன்னார்களோ. “பையனுக்கு ரொம்ப முடியலியாமே. அவசரம்னா சங்கோஜப்படாதீங்க. நமக்குள்ள இன்னா?”

நான் எழுவதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள். “எங்க வூட்ல யாரும் சாவல. போயிட்டு வாங்க.”

மார்ச் 6, ஞாயிறு

புத்தகத்தில் ஏழு ரூபாய். ஜுரம் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முன்பணம் கேட்டேன், இல்லை என்றார்கள். அண்ணன் தூக்கத்தில் உளறுகிறான். முதலியார் வீடு மயிலாப்பூரில் எந்தப் பக்கம் என்று கால் தானாக யோசிக்கிறது. சீ. வேறு வழி? என்னதான் வழி?

மதியம் அம்மா பதினெட்டு ரூபாயை என் கையில் வைத்தாள். கன்னியர் மடத்தில் லேசுக்கு முன்பணம் கொடுத்தார்களாம். மடத்து அம்மாக்கள் வாழ்க. அவர்களை இதுவரை மனசுக்குள் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச் 14, திங்கள்

தொண்ணூற்றெட்டரை. கஞ்சி வேண்டும் என்று அவனே கேட்டான்.

ஏப்ரல் 18, திங்கள்

அண்ணன் வேலைக்குப் போனான். ட்ராமில். நான்தான் காசு கொடுத்து அனுப்பினேன். புத்தகத்தில் இரண்டு ரூபாய் மிச்சம். யாருக்கும் ஒரு காசு கடனில்லை. இதை நாலு தரம் எழுதலாம் போல இருக்கிறது.

மே 1, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது மிக்கேல் கூப்பிட்டார். “பாப்பா, லூர்துமேரியம்மா முடிச்சைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே. பேர்ச் சீட்டைக் கிழிச்சிரவா, வெச்சிருக்கவா?”

எப்போது என்று கேட்டேன். தபசு காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மடமும் இல்லை, முன்பணமும் இல்லை. எனக்குத் தோன்றவேயில்லை. பதினெட்டு என்று எண்ணி வாங்கியும் தோன்றவில்லை. நான் கணக்குப் போடுகிறவளாம்!

இந்த மாதம் தபாலாபீசுக்கென்று வைத்திருந்ததில் இரண்டு ரூபாய் எடுத்து மிக்கேலிடம் கொடுத்தேன். சீட்டு இருக்கட்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், கோபித்துக்கொண்டாள்.

“அங்க ஏண்டி குடுத்த? தபாலாபீசுல வட்டி தர்றான். மிக்கேலு இன்னா தருவான்?”

“பெட்டி,” என்றேன்.

அடுத்த மாசம் ஒரு ரூபாய் போதும், மிச்சத்தைப் புத்தகத்தில் போடு, தனக்கு இப்போது ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.