வினோத்துக்குப் பிடித்த பாட்டு

ஜூலை 14, திங்கள்
களை எடுக்க இரண்டே பேர் வந்தார்கள். வரப்பில் நிற்கும்போது போன். உத்திரமேரூர் பாட்டுக் கச்சேரிக்காரர் ஜான்சன். நாட்டுக்காக உயிர்விட்ட வீரர்களுக்கும் குடும்பங்களுக்கும் மரியாதை செய்து இருபத்தாறாம் தேதி மைதானத்தில் பாடுகிறார்களாம். “உங்க வூட்டுக்காரருக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொல்லுங்கம்மா, அதையே பாடிடறோம்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 15
தெரியவில்லை.

ஜூலை 17
கல்யாணமாகிப் பதினான்கு மாதம்தான் அவர் உயிரோடு இருந்தார். அதில் அவர் வீட்டில் இருந்தது இரண்டே லீவு. கருவாட்டுக் குழம்பு பிடிக்கும், தலையணை ஆகாது. பாட்டு? எல்லையில் பனிச்சரிவில் அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து இப்படி ஒரு கேள்வி. அவரைப் பெற்ற அத்தையைக் கேட்கலாம். பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்?

ஜூலை 20
ஜான்சன் மறுபடி கூப்பிட்டார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன் — ஒரு பழைய மழைப் பாட்டு. எனக்குப் பிடித்தது. ஏன் சொன்னேன்? அத்தையிடமும், அவருக்குப் பிடித்த பாட்டு என்றே சொல்லிவைத்தேன்.

ஜூலை 26, சனி
மேடையில் எங்களுக்குச் சால்வை போட்டார்கள். “வீரர் வினோத்குமார் விரும்பிக் கேட்ட பாடல்” என்று அறிவித்ததும் கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரல. பாட்டு நல்லா இருக்குதேன்னு தோணிச்சு. என்ன ஜென்மம் நான்?

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் யாரோ கேட்டதற்கு அத்தை சொன்னார்கள்: “எம்புள்ள எப்பவும் இந்தப் பாட்டத்தான் பாடிக்கினு இருப்பான்.”

நிஜமாவா? அப்படியென்றால் நான் சொன்னது பொய்யில்லையா?

ஜூலை 27
தாங்க முடியவில்லை. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கீரை ஆயும் அவர்கள் கை நிற்கவே இல்லை.

“எனக்கும் தெரியாதும்மா. பத்தொம்போது வயசுல மிலிட்டரிக்குப் பூட்டான். வந்தா தூங்குவான்.”

அப்புறம் ஏன் ஆட்டோவில் அப்படிச் சொன்னீர்கள் என்றேன்.

“நீதான் சொன்னியே. பெத்தவளுக்குத் தெரியாதது ஒனக்காவது தெரிஞ்சிகீதேன்னு நிம்மதியா இருந்துச்சி.”

மீதிக் கீரையை நான் வாங்கி ஆய்ந்தேன்.

ஆகஸ்ட் 3
காலையில் தோசை ஊற்றிக்கொண்டே அத்தை அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். முதல் வரியோடு நின்றுவிட்டது. அடுத்த வரியை நான் எடுத்துக்கொடுத்தேன்.