அக்கா குரலில் பேசிய நாட்கள்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணியெல்லாம் மறுபடி வீட்டுக்குள். கொத்தமல்லி வாங்க மறந்தாச்சு.

பட்டுக் கடையில் இன்று என் மானம் போனது. முதலாளி செல்வி அக்கா தொண்டையைக் காட்ட வேலூர் போயிருந்தார். மதியம் சாப்பிட்டு முடித்ததும் சேல்ஸ் சுமதி ஆரம்பித்தாள். "கவிதா, அக்கா மாதிரி பேசிக் காட்டுடி." ஆர்டர் நோட்டை மூடி வைத்துவிட்டுக் காட்டினேன். முதலில் கனமாக ஒரு செருமல். அப்புறம், "தோ பாரு, நான் சொல்றத மொதல்ல கேளு. நீ சொல்றத அப்பறம் பாக்கலாம்." கடைசியில், "ஆங், வெச்சிடு." சுமதி சிரித்துச் சிரித்துப் பாயில் உருண்டாள். திடீரென்று எழுந்து நின்றாள். திரும்பினால் அக்கா. கழுத்தில் மப்ளர்.

ஒரு வார்த்தை பேசவில்லை. போனில் டைப் பண்ணி என் முகத்துக்கு நேரே நீட்டினார்:

"இன்னொரு தடவை பண்ணு."

பண்ணினேன். அக்கா முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே போய்விட்டார்.

நாளைக்கு வேலை இருக்குமா தெரியாது. வீட்டில் இவரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

19, செவ்வாய்

வேலை போகவில்லை. கூடியிருக்கிறது!

அக்காவுக்குக் குரல்வளையில் சின்னக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லையாம். ஆனால் அடுத்த வாரம் திரும்பக் காட்டும்வரை வாயே திறக்கக் கூடாது. ஆவணி முகூர்த்தம் வேறு. அக்கா டைப் பண்ணிக் காட்டியது: "எனக்குக் குரல் போச்சுன்னு தெரிஞ்சா ஆளாளுக்கு ஆட்டம் காட்டுவாங்க. கடை போன் அடிச்சா நீ எடுத்துப் பேசு. என்னை மாதிரியே."

முதல் போன், சேவூர் நெசவாளர் ஏழுமலை. செருமினேன். "தோ பாரு ஏழுமலை, பொடவ என்னிக்கு வரும்? சும்மா கதை சொல்லிகினு கீற?"

"பேஜார் பண்ணாதீங்கக்கா. நாளைக்கு ஜல்தியா முடிச்சுக் குடுத்துடறேன்."

நம்பிவிட்டார்! எதிரே உட்கார்ந்திருந்த அக்கா கட்டைவிரலைத் தூக்கினார். உடனே இன்னொரு மெசேஜ்: "செருமல் பத்தல."

21, வியாழன்

வெயில். மிளகாய் காயப் போட்டேன்.

அக்கா குரலை எடுத்ததும் முதுகு தானாக நிமிர்கிறது. சென்னை வியாபாரி ஒருவர் இன்று விலையைக் குறைக்கச் சொல்லி இழுத்தார். "ஆங், வெச்சிடு" என்று வைத்தே விட்டேன். அவரே திரும்பக் கூப்பிட்டு சரி என்றார். கவிதாவாக இருந்தால் இன்னும் பேசிக்கொண்டு இருந்திருப்பேன். அப்படியானால் இந்தத் தைரியம் யாருடையது? அக்காவுடையதா, என்னுடையதா?

இராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வாய் தவறி, "தோ பாரு, குப்பையை எடுத்துக்கினு போய்ப் போடு." இவர் உடனே எழுந்து போய்விட்டார். பாதி வழியில் திரும்பி வந்து, "ஏய், இப்ப சொன்னது யாரு?"

சிரித்ததில் சாம்பார் அடிப்பிடித்தது.

22, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அக்காவுக்கு ஒரு தங்கை, மாலா. கண்ணமங்கலத்தில் புடவைக் கடை. அக்கா யோசித்துப் போட்ட குருவி பார்டரை அப்படியே எடுத்து, பவர்லூமில், இமிடேஷன் ஜரிகையில் ஓட்டி விற்றுவிட்டார். அதிலிருந்து மூன்று தீபாவளியாகப் பேச்சில்லை. கடை போனில் தங்கைக்கு அக்கா வைத்திருக்கும் பெயர் 'ஜெராக்ஸ்'. வந்தால் எடுப்பதில்லை.

இன்று வந்தது புது நம்பர். அக்கா பின்கட்டில். எடுத்துவிட்டேன்.

"அக்கா, வெச்சிடாதக்கா. என் பொண்ணு நம்பர்லருந்து பேசறேன். ஞாயித்துக்கெழம அவளுக்கு வளகாப்பு. நீ வந்து மொத வளையல் போடணும்னு அழுவறா. என்மேல கோவம்னா என்னோட வெச்சிக்க, அது இன்னா பண்ணுச்சி?"

மெல்லச் செருமி, "தோ பாரு... சொல்லு" என்றேன்.

அந்தப் பக்கம் உடனே, "யாரும்மா நீ?"

"செல்விதான்..."

"எங்கக்கா என்னிக்குமே என்னை முழுசா பேச விட்டதில்ல. நீ இவ்ளோ நேரம் கேட்டுகினு இருந்த. அவளுக்கு இன்னாம்மா ஆச்சு? உண்மைய சொல்லு."

சொன்னேன், என் சொந்தக் குரலில். நிமிர்ந்தால் பின்கட்டு வாசற்படியில் அக்கா. எவ்வளவு நேரமாக நின்றாரோ. "அக்கா இங்கதான் நிக்கறாங்க" என்றேன்.

"ஸ்பீக்கர்ல போடும்மா. அவ கேக்கட்டும்" என்றார் மாலா. போட்டேன். "அக்கா, அந்தக் குருவி நம்ம அம்மா போடற கோலத்துல இருந்ததுதான? நீயும் அதுலருந்துதான எடுத்த? அம்மா கம்பில உக்காந்த குருவியப் பாத்து போட்டாங்க. நீ கோலத்தப் பாத்து போட்ட. நான் உன்னப் பாத்து போட்டேன். உன்ன கேக்காம போட்டது தப்புதான்க்கா."

அக்கா போனையே பார்த்தபடி நின்றார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு தன் போனில் தட்டினார். தப்பும் தவறுமாக அடித்து, அழித்து, மறுபடி அடித்து.

"வரேன்னு சொல்லு. என் குரல்ல வேணாம். உன் குரல்ல சொல்லு."

சொன்னேன். இரண்டு பக்கமும் அழுகை. நடுவில் நானும்.

24, ஞாயிறு

கண்ணமங்கலம். பஸ்ஸில் நல்ல கூட்டம். அக்கா என்னையும் கூட்டிப் போனார். வளைகாப்புப் பெண்ணுக்கு முதல் வளையல் அக்கா கையால். ஐந்து வகை சாதம். புளிசாதம் பிரமாதம்.

அக்கா கொண்டுபோன குருவி பார்டர் பட்டு பெண்ணுக்கு. மாலா தயங்கித் தயங்கித் தன் கடைக் குருவிப் புடவையை அக்கா தோளில் போர்த்தினார். ஒரு சொந்தக்கார அம்மா இரண்டையும் தடவிப் பார்த்து, "எது ஒரிஜினல்?" என்று கேட்டுவிட்டார். எல்லோருக்கும் திக்கென்றது. அக்கா பார்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். முகம் சுளித்தார். போனை எடுத்தார். போச்சு என்று நினைத்தேன்.

மாலா வாங்கிச் சத்தமாகப் படித்தார்: "வால் தப்பு. காக்கா மாதிரி இருக்கு. நாளைக்குக் குருவி வரைஞ்ச கிராஃப் பேப்பர் குடுத்தனுப்பறேன். காப்பி அடிச்சா ஒழுங்கா அடி."

வீடே சிரித்தது. மாலா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சாயந்திரம் வரை பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அக்கா ஒரு இடத்திலும் குறுக்கே வரவில்லை. வரவும் முடியாது!

28, வியாழன்

நேற்றைய கொழுக்கட்டை மிச்சம்தான் டிபன். இவருக்கு இருமல்.

காலையில் அக்கா வேலூர் போய்விட்டு வந்தார். கட்டி வற்றிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம். எனக்குச் சந்தோஷம். கொஞ்சம் வருத்தமும்தான், மறைப்பானேன்.

போன் அடித்தது. ஏழுமலை. அக்கா என்னைக் கையமர்த்திவிட்டுத் தானே எடுத்தார். குரல் காற்றுப் போன மாதிரி, கீச்சென்று.

"தோ பாரு ஏழுமலை..."

ஸ்பீக்கர் போடாமலே எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "யாரும்மா அது? அக்கா மாதிரி பேசிக் காட்றியா? கொஞ்சங்கூட சரியா வரல. போன அக்காகிட்ட குடு."

அக்கா போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் கொடுத்தார்.