கூண்டுக்கு முன்னால் ஒரு படையல்

என் உயிர் மாப்பிள்ளைக்கு,

முதலில் மானம் போன கதை. வேறு யார் வாயாலாவது நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில், நல்ல வெயிலில், நான் கோவணத்தோடு ஓடினேன். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் பார்த்தார்கள். யாருக்கும் குறை வைக்கவில்லை. என் வேட்டி மட்டும் கம்பி வேலியில் மாட்டிக்கொண்டு ஆடியது.

காரணம் ஒரு புலி. டவுனில் உட்கார்ந்திருப்பதால் தைரியமாக அந்தப் பெயரை எழுதுகிறேன். காட்டோரத்தில் 'பெரியவர்' என்றுதான் சொல்லவேண்டும் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்?

நீ போன பிறகு நடந்ததெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? அன்று விடியற்காலையில் கோத்தா திங்கிப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டப் போனாய். காட்டை ஒட்டின மரத்தடியில் உன் கத்தியும் கவிழ்ந்த வாளியும் கிடந்தன. பக்கத்தில் பெரியவரின் கால்தடம். உன் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

உடம்பே இல்லாமல் கருமாதி எப்படிச் செய்வது? கங்காணி ஒன்று சொன்னார், லயத்து வீட்டுக் கிழவர்கள் வேறொன்று சொன்னார்கள். கடைசியில் எதுவும் நடக்கவில்லை. அந்த இடுக்கில்தான் இன்னொரு பேச்சு நுழைந்தது. புலியாவது ஒன்றாவது, அவன் சிங்கப்பூரில் எவளோடோ குடித்தனம் நடத்துகிறான் என்று. என் தங்கை குழாயடியில் வாளியை வைத்தால் போதும், சிரிப்பு கேட்கும். அவள் கழுத்துத் தாலியைப் பார்த்துக்கொண்டே ஒருத்தி கேட்டாளாம், "என்னக்கா, சிங்கப்பூர்லேர்ந்து தபால் ஏதும் வந்திச்சா?"

உன் சோற்றை மூடி வைத்துவிட்டு அவள் பட்டினி கிடந்தாள், மாப்பிள்ளை. அவள் புருஷன் செத்தவனா, விட்டுப்போனவனா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

ஜொகூர் பாரு ஓரத்தில் மிருகங்களை அடைத்து வைத்திருக்கும் தோட்டத்தில் ஒரு புலி இருக்கிறது, கோத்தா திங்கிக் காட்டில் பிடித்ததுதான் என்று ஒரு லாரிக்காரன் லயத்தில் சொல்லிவிட்டான். மறு வாரமே தங்கை, டவுனை ஒட்டின தம்போயில் இருக்கும் என் சோற்றுக்கடை வாசலில் வந்து நின்றாள். கையில் தூக்குச்சட்டி, ஒரு செம்பில் பால். வழியில் அண்ணனுக்குப் பசிக்குமே என்று கொண்டுவந்திருக்கிறாள் என நினைத்துக்கொண்டேன். என் புத்தி என்றைக்கு வயிற்றைத் தாண்டிப் போயிருக்கிறது?

அவளைக் கூட்டிப்போன மிருகத் தோட்டத்தில் குரங்கு ஒன்று சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. அவள் சிரிக்கவில்லை. நேராகப் புலிக்கூண்டுக்குப் போனாள். விலா எலும்பு தெரிய, ஈ மொய்க்க, அது படுத்திருந்தது. அவள் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வேலியோரம் உட்கார்ந்து வாழையிலையை விரித்தாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, உளுந்து வடை, ஓரத்தில் உன் சுருட்டு.

"என்ன தங்கச்சி இது, இங்க போயி?" என்றேன்.

"வேற எங்கண்ணே வைக்கிறது? அவரு எரிஞ்ச சுடுகாடு இந்த வயிறுதானே?"

கற்பூரத்தைக் கொளுத்திக் கையெடுத்துக் கும்பிட்டாள். "பெரியவரே, உங்க மேல கோவமில்ல. உங்களுக்குப் பசிச்சிச்சு, எடுத்துக்கிட்டீங்க. அவரு என்னைய விட்டுட்டுப் போகல. எனக்கு அது போதும்."

நெருப்பைக் கண்டு புலி எழுந்து கம்பியில் மோதி உறுமியது. நான் ஓடிய ஓட்டத்தைத்தான் மேலே எழுதிவிட்டேனே. மானத்தை இரு கையாலும் மூடிக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். தாலி செம்புப் பாலுக்குள் கிடந்தது. நாலு தாலியறுத்த பெண்கள் கூடிச் செய்கிற காரியத்தைத் தன் கையாலேயே முடித்திருந்தாள். வேலியிலிருந்து என் வேட்டியை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள். அதன்பிறகுதான் அழுதாள்.

அழுது ஓய்ந்து அவள் கை கழுவப் போனாள். வேட்டியைச் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு மலாய்க்காரக் காவலாளி ஆறுதல் சொன்னார். பயப்படாதே, குட்டியாக இருந்தபோது கப்பலில் வந்தது இது, ஜொகூர்க் காட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றார்.

உன்னை எடுத்தது வேறொரு பெரியவராக இருந்திருக்கலாம், இல்லையா?

அன்றைக்கு என் கடையில் அவள் இரண்டு தட்டு சோறு தின்றாள். குழாயடியில் இப்போது யாரும் சிரிப்பதில்லையாம்.

வருஷா வருஷம் உனக்குத் திதி கொடுத்துவிடுகிறேன். கருவாடு, வடை, சுருட்டு எதிலும் குறை வைக்கமாட்டேன். காவலாளி சொன்னதை அவளிடம் மூச்சு விடமாட்டேன். என் வாய்க்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? பதிலுக்கு நீ ஒன்றே ஒன்று செய். செத்தவனாகவே இரு, மாப்பிள்ளை.

தாலி பாலில் விழுந்த பிறகும்
உன் மச்சான்தான்.

பி.கு: தங்கைக்குப் படிக்கத் தெரியாது. இந்தக் கடிதம் அச்சாகும் பத்திரிகை அவள் எஸ்டேட்டுக்குப் போவதுமில்லை. சிங்கப்பூருக்குப் போகிறது.