முதற்பாகு குடிக்கும் வேளுக்கு அரசியின் ஆணை

மழை பிழையாத வெண்குன்றப் பெருநாட்டை ஆள்பவளும், பிணியுற்றோர்க்கு மருந்தும் சோறும் விலையின்றி வழங்கும் உயிர்க்காவல் அறச்சாலையை நிறுவியவளுமாகிய அரசி பூங்குழைமாதேவி, கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் கரும்பு விளையும் கன்னல் நாட்டின் காவலனும், பகைவர்க்குப் புறங்காட்டாதவனும், நமக்கு உடன்பிறந்த தம்பியுமாகிய வேள் இருங்கண்ணனுக்கு விடுக்கும் திருமுகம். நின் ஆலைகள் ஓயாது சுழல்க. நின் குடிகள் பசியறியாது வாழ்க. நின் செங்கோல் நிமிர்ந்து நிற்க. நீயும் நிற்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுவிக்கிறோம்.

நீரிழிவு நோயை ஒரு தலைமுறைக்குள் அடக்குவதென்று நம் அறச்சாலை நெடுநோக்கு வகுத்ததை நீ அறிவாய். ஊர்தோறும் சிறுநீர்ச் சோதனை அறிந்த மருத்துவர் இருத்தல் வேண்டும். நடுவயது கடந்தோர் ஆண்டுதோறும் சோதிக்கப்படல் வேண்டும். அன்னசாலைகளில் பாயசம் குறைந்து வரகும் கீரையும் மிகுதல் வேண்டும். புண்பட்ட காலோடு வருபவர் எவரும் காலின்றித் திரும்பலாகாது. இன்று தொட்டிலில் உறங்கும் பிள்ளைகள் நரைக்கும் காலத்தில் இந்நோயால் கண்ணிழந்தோரைக் காண்பதே அரிதாதல் வேண்டும். இவற்றை நின் நாட்டில் முரசறைந்து அறிவிக்கப் பணித்தோம். நீயும் அறிவித்தாய், மறுக்கவில்லை. ஆனால் அறிவித்த கையோடு, எவருடைய சிறுநீரில் எறும்பு மொய்க்கவில்லையோ அவர்க்கெல்லாம் பரிசாக ஆளுக்கொரு குடம் வெல்லப்பாகு வழங்கினாயாமே! நலமாக இருப்பவனைத் தேடிப் பிடித்து நோய்க்கு வழிகாட்டி அனுப்பும் அரசு வேறெங்கேனும் உண்டா என்று நம் அமைச்சர்கள் வினவினார்கள்.

அது போகட்டும். கரும்பாட்டும் காலத்தில் ஒவ்வோர் ஆலையின் முதற்பாகையும் வேள் தன் வாயால் பருக வேண்டும், பருகாவிடில் அவ்வாலைக்கு இழுக்கு என்பது நின் நாட்டு வழக்கம். அதை நிறுத்துமாறு எத்தனை முறை எழுதினோம்! ஆலைக்காரர் மனம் புண்படும் என்று ஒவ்வொரு முறையும் ஒரே விடையை எழுதினாய். அவர்கள் மனப்புண் ஆறிவிடும், தம்பி. நின் காற்புண் சென்ற கரும்புவெட்டிலிருந்து ஆறவில்லை.

அதையும் நீயாகவா சொன்னாய்? நின் உடலில் நோயின் சுவடே இல்லை என்று ஆண்டுதோறும் சோதனை முடிவு வந்தது. நாமும் நம்பி மகிழ்ந்து கோயிலில் விளக்கேற்றினோம். நின் வாயிற்காவலன் கொற்றன் கள்ளுக்கடையில் அமர்ந்து, தன் சிறுநீர் அரசநீர் என்ற பெயரோடு பட்டுத்துணி மூடி அறச்சாலைக்குப் பயணம் போகிறது என்று பெருமையடித்திராவிட்டால் இன்றும் ஏற்றிக்கொண்டுதான் இருப்போம். நாடாளும் வேள் செய்யும் வேலையா இது? நம் மருத்துவர் சாத்தந்தை அவனை அழைத்து உசாவியபோது, வேளின் கட்டளையை மீற இயலாமல் கலத்தை நிரப்பித் தந்ததாகவும், தனக்கு என்ன தண்டனையும் தரலாம் என்றும், ஆனால் வேளின் காலை யாரேனும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றும் அழுதானாம். அவனை ஒன்றும் செய்யாதே. நின்னைப் புகழ்வோர் நிறைந்த மாளிகையில் நின் காலைப் பற்றிக் கவலைப்பட்டவன் அவன் ஒருவனே.

அதன்பின் சாத்தந்தை வந்து நின் காலைப் பார்த்தார். இரு விரல்கள் கறுத்துவிட்டன என்றும், பாதத்தில் தைத்திருந்த முள்ளை அவர் பிடுங்கியபோதும் நீ உணராமல் வேட்டைக் கதை பேசிக்கொண்டிருந்தாய் என்றும், இன்னும் தாமதித்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க நேரும் என்றும் நம்மிடம் கூறினார். நம் தந்தை இந்நோயால் பார்வை போனபின் நம் இருவர் முகத்தையும் கையால் தடவிப் பெயர் சொன்னாரே, அதைக் கண்டவன்தானே நீயும்? நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது.

ஆகவே நாம் இடும் ஆணையாவது: இவ்வோலையோடு வரும் பல்லக்கில் ஏறி அறச்சாலைக்கு வருக. புறப்படுமுன் ஆலைக்காரர் அனைவரையும் வாயிலுக்கு அழைத்து, இவ்வாண்டு முதல் வேள் பாகைத் தொட்டு வணங்குவதோடு வழக்கம் முடியும் என்று நின் வாயாலேயே அறிவிக்க. காரணம் கேட்பாராயின் கட்டை அவிழ்த்துக் காலைக் காட்டுக. நீ பாகை மறுத்ததைக் கண்டால்தான் ஊரில் மற்றவரும் மறுக்கத் துணிவார்கள்.

இதையும் மீறினால், மருத்துவர் நின் காலை அறுக்கும் நாளில் நாம் அருகில் இருக்க மாட்டோம் என்று எழுதச் சொன்னோம். ஓலை எழுதுவோன் எழுத்தாணியை நிறுத்தி நம் முகத்தைப் பார்த்தான். அவனை அனுப்பிவிட்டு மீதியை நானே எழுதுகிறேன். இருப்பேன், தம்பி. நின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். அதைத் தாங்கும் வலு எனக்கில்லை. பல்லக்கில் ஏறு.

வெண்குன்றத்து அரண்மனையில் அரச முத்திரை பொறித்து விடுத்தது. அரசியின் ஆணை இது. அக்காளின் ஆணையும் இதுவே.